ரசிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2023 சீசன்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கால்பந்து அணி கொலம்பஸ் க்ரூ மூன்றாவது முறையாக அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான எம்.எல்.எஸ். கோப்பையை வென்ற ஆண்டின் அறிக்கை இது. 2008, 2020, இப்போது 2023. டிசம்பர் 9 இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் நடந்ததையும் ஏட்டில் ஏற்ற வேண்டியது செயலாளரின் வேலை என்பதால் அறிக்கை கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. பூங்காவில் குடும்ப ஒன்றுகூடல் நடந்தது. சிறுவர் கால்பந்துப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்தது. குளிர்கால உடைகள் திரட்டிக் கொடுத்தோம்.

இனி சீசன். புதுப் பயிற்சியாளர் வில்ஃப்ரிட் நான்சி மான்ட்ரியாலிலிருந்து வந்தார். பிப்ரவரி கடைசியில் ஃபிலடெல்பியாவில் நடந்த முதல் ஆட்டத்திலேயே 4-1 என்று தோற்றோம். கோல்கீப்பரில் தொடங்கிப் பின்வரிசையிலேயே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும் ஆட்டம் இது. எதிராளி நெருங்கி வந்தாலும் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது. பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்த இரவு நம் வாட்ஸாப் குழுவில் வந்த செய்திகளை இங்கே வாசிக்க விரும்பவில்லை. ஒரே மாதத்தில் அட்லாண்டாவை 6-1 என்று வென்றபோது அதே குழு அமைதியாக இருந்தது. மே மாதம், லீக்குக்கு வெளியே நடக்கும் ஓப்பன் கோப்பைப் போட்டியில் பிட்ஸ்பர்க்கிடம் 1-0 என்று வெளியேறினோம். அப்புறம் கோடையில் லூகாஸ் ஸெலராயானைச் சவூதி கிளப்புக்கு விற்றார்கள். 2020 இறுதிப் போட்டியில் சியாட்டிலுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த மனிதர். எனக்கும் மனசு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லிச் சில உறுப்பினர்கள் சந்தாவை நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்குப் பதில் வந்த டியேகோ ரோஸி என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் பொறுப்பில் நடந்த முக்கியமான பணி வெளியூர் ஆட்டங்களுக்கான பேருந்து. இதைச் செயற்குழுவில் முன்வைத்தபோது, 'இனிமேல் எல்லா ஆட்டமும் ஆப்பிள் டிவியில் வருகிறதே, யார் வருவார்கள்' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொந்த ஊரில் இருபதாயிரம் பேரோடு சேர்ந்து கத்துவது வேறு; எதிரணி அரங்கத்தின் ஒரு மூலையில் ஒரு கைப்பிடிப் பேர் நின்று பாடுவது வேறு. நம் ஆட்டக்காரர்கள் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டு கைதூக்குகிறார்கள். அதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மே 20, நம் ஒஹாயோ மாநிலத்திலேயே இருக்கும் போட்டி அணியான சின்சினாட்டியின் ஊருக்குப் போகும் பயணத்துக்கு முன்பணம் கட்டினோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் காலையில் வரவில்லை. ஒருவர்கூட முன்னதாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் காலி இருக்கைகளோடு கிளம்பினோம். ஐ-71 நெடுஞ்சாலையில் 'நரகம் நிஜம்' என்று எழுதிய அந்தப் பெரிய பலகை வந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்க ஜன்னலுக்கு ஓடி முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். இரு ஊர் மோதலுக்கே அந்தப் பலகையின் பெயர்தான். அன்று 3-2 என்று தோற்றோம். திரும்பும் வழியில் முரசு வைத்திருந்த தம்பி அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பேருந்து வாடகையில் விழுந்த துண்டை வந்தவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அடைத்தார்கள். வராதவர்களிடமிருந்து இன்றுவரை எதுவும் வரவில்லை.

ஆகஸ்டில் சொந்த மைதானத்தில் சின்சினாட்டியை 3-0 என்று வென்றோம். லீக் முடிவில் கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம், 57 புள்ளிகள். கோப்பைக்கான அடுத்த கட்டமான பிளே-ஆஃபில் அட்லாண்டாவை மூன்று ஆட்டத் தொடரில் தாண்டினோம். ஆர்லாண்டோவில் கூடுதல் நேரத்தில் 2-0. பிறகு டிசம்பர் 2, மறுபடி சின்சினாட்டி. லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கிய அணி, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம்.

மறுபடி பேருந்து. இந்த முறை இடம் நிரம்பியது, மகிழ்ச்சி. ஆனால் மே மாதம் காலி இருக்கைக்கும் சேர்த்துப் பணம் போட்டவர்களுக்கே முதலில் இடம் என்று நான் முடிவு செய்தேன். அதற்காக என்மேல் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். அந்த முடிவு சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன். இடைவேளையில் நாம் இரண்டு கோல் பின்தங்கி இருந்தோம். எங்களைச் சுற்றி அவர்களுடைய ஆரஞ்சும் நீலமும் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு கோல் திரும்பியது. 86ஆம் நிமிடம் ரோஸி சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 115ஆம் நிமிடம், மாற்று ஆட்டக்காரராக வந்த கிறிஸ்டியன் ராமிரெஸ் அடித்தார். 3-2. மே மாதத்து அதே எண்ணிக்கை, இம்முறை நம் பக்கம். எனக்கு முன்வரிசையில் நின்ற பெரியவர் தன் கறுப்பு-மஞ்சள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தொலைக்காட்சியில் இது வந்திருக்காது.

இறுதிப் போட்டியை எல்லோரும் பார்த்தீர்கள். குச்சோ ஹெர்னாண்டஸின் பெனால்டி, நான்கு நிமிடத்தில் யாவ் யெபோவாவின் இரண்டாவது கோல், பிற்பாதியில் எதிரணியின் புவாங்கா ஒன்று திருப்பியது, 2-1. ரோஸிக்கு எதிரே நின்றது அவருடைய பழைய அணியான லாஸ் ஏஞ்சலஸின் எல்.ஏ.எஃப்.சி. அதற்குமேல் நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இறுதிப் போட்டி ஏன் கொலம்பஸில் நடந்தது? மோதும் இரண்டு அணிகளில் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்த அணியின் மைதானத்தில் நடக்கும் என்பது விதி. நமக்கு 57, அவர்களுக்கு 52. மார்ச்சிலும் ஜூனிலும், யாரும் பெரிதாகப் பேசாத சனிக்கிழமைகளில் சேர்த்த புள்ளிகள் அவை.

இறுதிப் போட்டிக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் ஆண்டு முழுவதும் வந்ததைவிட அதிகம். 'அண்ணா, இரண்டு டிக்கெட் கிடைக்குமா?' கடைசியாகச் சந்தா கட்டி மூன்று வருடம் ஆகிவிட்டவர்களும் கேட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. சீசன் டிக்கெட் உள்ளவர்களுக்குக் கிளப் நேரடியாக முன்னுரிமை கொடுத்தது. இதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

வராதவர்கள்மேல் எனக்கு இருக்கும் வருத்தத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. 2017 அக்டோபரில் அப்போதைய உரிமையாளர் அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது முன்வைத்த காரணங்களில் ஒன்று, அரங்கத்துக்கு வரும் கூட்டம் போதவில்லை என்பது. அணியே போகவிருந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், வீடு வீடாகப் போனார்கள், வணிகர்களிடம் ஆதரவு திரட்டினார்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி பால்டிமோருக்குப் போன பிறகு, அணிகள் எளிதில் ஊர் மாறாதபடி 1996இல் ஒஹாயோ போட்ட சட்டத்தை வைத்து மாநிலமும் நகரமும் 2018 மார்ச்சில் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு முடிவில் ஹாஸ்லம், எட்வர்ட்ஸ் குடும்பங்கள் அணியை வாங்க ஒத்துக்கொண்டன. அதனால்தான் இன்று நகரத்துக்குள் நம் புது மைதானம் நிற்கிறது. காலி இருக்கைகளைப் படம் பிடித்துக் காட்டி நம்மிடமிருந்து அணியைப் பிடுங்கப் பார்த்ததை நான் மறக்கவில்லை. கோப்பை வென்ற மறு ஆண்டு அப்படி எதுவும் நடக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். 2008இலும் நாம் கோப்பை வென்றோம். ஒன்பது ஆண்டுகளில் அந்தச் செய்தி வந்தது.

கணக்கைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பேருந்துக்கும் பதாகைத் துணி, பெயின்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று, நன்கொடையால் சரிக்கட்டினோம். நிலுவைச் சந்தா முழுவதும் வந்திருந்தால் கையிருப்பு நன்றாகவே இருந்திருக்கும்.

தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி. பதாகை வரையத் தன் கார் ஷெட்டைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், முரசைத் தூக்கிச் சுமக்கும் இளைஞர்களுக்கும், பேருந்தில் இட்லி கட்டிக்கொண்டு வந்த அக்காவுக்கும் நன்றி.

வரும் சீசன் பிப்ரவரி 24 அன்று நம் மைதானத்தில் அட்லாண்டாவோடு தொடங்குகிறது. மார்ச்சில் மற்ற நாட்டுக் கிளப்புகளும் ஆடும் சாம்பியன்ஸ் கோப்பை. வார நாள் இரவு ஆட்டங்கள், குளிர் இருக்கும். சின்சினாட்டிப் பயணத்துக்கு மறுபடி பேருந்து வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். முன்பணத்துக்குச் சங்கத்தில் பணம் இருந்தால் வைப்போம். செயலாளர் பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மனமார ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். ரசீதுப் புத்தகம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை.

இப்படிக்கு,
செயலாளர்