அண்ணன் படத்தோடு வஹாகாவுக்கு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். பங்குனி வெயில் இப்போதே சுட்டெரிக்கிறது. மாமரம் மட்டும் இந்த வருஷம் கிளை தாழக் காய்த்திருக்கிறது.

மெக்சிகோ போய் இறந்தோர் திருநாளைப் பார்ப்பது என்று நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவு செய்தது ரொம்பச் சந்தோஷம். ஆனால் நீ போட்டிருக்கும் திட்டத்தை மாற்றிவிடு. ஐந்து நாளில் மெக்சிகோ சிட்டி, பாத்ஸ்குவாரோ ஏரி, வஹாகா என்று மூன்று ஊர் வைத்தால் பண்டிகை இரவு பேருந்திலேயே கழிந்துவிடும். தலைநகரிலிருந்து வஹாகாவுக்கே பேருந்தில் ஆறரை, ஏழு மணி நேரம். பாத்ஸ்குவாரோ எதிர்த்திசையில் இருக்கிறது. தலைநகரில் நடக்கும் பெரிய ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது, அதுவும் முந்தின வருஷம் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டிய கற்பனை ஊர்வலத்தைப் பார்த்து. பார்க்க அழகுதான், ஆனால் நீ தேடுவது அங்கே கிடைக்காது. ஒரே ஊர், ஆறு இரவு என்று வைத்துக்கொள். அக்டோபர் 28 வந்து சேர், நவம்பர் 3 கிளம்பு.

ஊர் வஹாகாவாக இருக்கட்டும். பாத்ஸ்குவாரோ ஏரிக்கரையில் புரேபெச்சா என்ற பூர்வகுடி மக்கள் நவம்பர் 1 இரவு முழுக்கக் கல்லறையில் விழித்திருப்பார்கள். அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஹனித்ஸியோ தீவுக்குப் போகும் படகுத்துறையில் அன்று கூட்டம் நெருக்கித் தள்ளும். ஊரும் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டருக்கு மேலே, குளிர் எலும்பில் இறங்கும். உன் முழங்காலுக்கு அது வேண்டாம். வஹாகா சுமார் 1,550 மீட்டர்தான், இரவில் ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் போதும். சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமமும் ஒவ்வொரு நாளில் கல்லறைக்குப் போவதால், ஓர் இரவு தவறினாலும் இன்னோர் இரவு இருக்கிறது.

நாள் கணக்கைச் சொல்கிறேன். அக்டோபர் 31 இரவு தொடங்கி நவம்பர் 1 வரை இறந்த குழந்தைகள் வருவதாக நம்பிக்கை. 1-ஆம் தேதி மதியத்துக்கு மேல் பெரியவர்கள் வருவார்கள், 2-ஆம் தேதி விடைபெறுவார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதும் அதே நவம்பர் 2-தான், அது கத்தோலிக்க நாள்காட்டி தந்த தேதி. ஸ்பானியர் வருவதற்கு முன் நாவா என்ற பூர்வகுடி மக்கள் இறந்தவர்களுக்கு எடுத்த திருவிழாக்கள் ஆகஸ்ட் வாக்கில் வந்தன. பழைய படையலும் புதிய தேதியும் ஒன்றாகக் கலந்ததுதான் இன்றைய பண்டிகை. யுனெஸ்கோ 2008-இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

28, 29, 30 மூன்று நாளையும் சந்தைக்கென்றே வைத்துக்கொள். பெரும்பாலானவர்கள் 31-ஆம் தேதி வந்து இறங்குகிறார்கள். பண்டிகையின் பாதி உயிர் அதற்கு முன்பே சந்தையில் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மெர்காதோ தெ அபாஸ்தோஸ் என்ற மொத்தச் சந்தைக்குக் காலையிலேயே போ. அங்கே மலைபோல் குவிந்திருப்பது என்ன தெரியுமா? நம் செண்டுமல்லி! அங்கே அதற்குச் செம்பசூச்சில் என்று பெயர், நாவா மொழியில் 'இருபது பூ', அதாவது இதழ் நிறைந்த பூ. அந்தச் செடிக்குத் தாய்நாடே மெக்சிகோதான், நம் கோயில் மாலைக்கு அது கடல் கடந்து வந்தது. பக்கத்திலேயே கருஞ்சிவப்பில் கோழிக்கொண்டைப் பூ. கட்டுக் கட்டாகக் கரும்பும் நிற்கும். இரண்டு கரும்பை நட்டு நுனிகளை வளைத்துக் கட்டி, பூச்சுற்றி, படையலுக்கு வாசல் அமைப்பார்கள். ஆவிகள் நுழையும் வாசல் அது. பொங்கலுக்குக் கரும்பு நட்ட கைக்கு அந்த வேலை புதிதாகவே இருக்காது. கையில் பெசோ சில்லறை நிறைய வைத்துக்கொள், பூக்காரியிடம் கார்டு செல்லாது.

மறைந்த நம் அண்ணன் போட்டோவைப் படையலில் வைக்க எடுத்துப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். தாராளமாக எடுத்துப் போ. அங்கே பல விடுதிகளில் கூடத்தில் பொதுப் படையல் மேடை வைப்பார்கள். விடுதிக்காரியிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மூலப் படத்தைக் கொண்டு போகாதே, ஒரு பிரதி எடுத்துக்கொள். மெழுகு சொட்டும், பக்கத்திலேயே தண்ணீர்க் குவளை இருக்கும். உள்ளங்கை அளவு படம் போதும், பின்னால் ஓர் அட்டை ஒட்டி நிற்கும்படி செய்துவிடு.

மேடையில் தவறாமல் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். நெடுந்தூரம் நடந்து தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர், உப்பு, பூ, தூபம், ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. அதோடு யாருமில்லாத ஆவிக்கென்று ஒன்று கூடுதலாக ஏற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை மட்டும் மறக்காதே. அதற்கு மேல் இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு. அண்ணன் காப்பி இல்லாமல் இருந்ததே இல்லையே, வஹாகா மாநிலத்திலேயே ப்ளூமா மலையில் நல்ல காப்பி விளைகிறது. அதையே வாங்கிச் சூடாக ஒரு கோப்பை போட்டு வை. ஒன்றைத் தெரிந்துகொள்: இறந்து ஒரு வருஷம் ஆகாதவருக்குச் சில ஊர்களில் படைப்பதில்லை, வேறு சில ஊர்களில் அவருக்குத்தான் பெரிய படையல். பூவெப்லா மாநிலத்து வாகெச்சூலாவில் அந்த வருஷம் இறந்தவருக்கு வெள்ளை சாட்டின் துணியில் கூரை முட்ட மேடை எழுப்புவார்கள். அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் உனக்கு இந்தக் குழப்பம் இல்லை.

தூபத்துக்குக் கோபால் என்ற பிசின். நம் சாம்பிராணி போலத்தான், ஆனால் எலுமிச்சை வாசம் கலந்தது. சந்தையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், மண்ணாலான தூபக்காலும் அங்கேயே வாங்கலாம். எல்லாரும் செய்யும் தவறு, கரி பற்றியதும் பிசினை அள்ளிப் போடுவது. கங்கு மூச்சுத் திணறி அணைந்து, கரும்புகை கண்ணைக் கரிக்கும். கரி முழுக்கச் சிவந்து மேலே வெள்ளைச் சாம்பல் படியும் வரை பொறு. பிறகு கொண்டைக்கடலை அளவு ஒரு துண்டு மட்டும் போடு. அது பொங்கி, உருகி, வெண்புகை நேராக எழும். அது அடங்கின பிறகு அடுத்த துண்டு. பட்டாணி அளவு போதும் என்று சொல்பவர்களும் உண்டு, அறை சிறியதென்றால் அதுவே சரி.

கல்லறை இரவு 31-ஆம் தேதி. ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டரில் சாந்தா க்ரூஸ் ஹோஹோகோத்லான், எல்லாரும் சுருக்கி ஹோஹோ என்பார்கள். பழைய கல்லறை, புதிய கல்லறை என்று இரண்டு உண்டு. பழையது சிறியது, அங்கேயே போய் உட்கார். ஒரே இரவில் நாலு கல்லறை காட்டுகிறோம் என்று விற்கும் வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதே. சாலைகளை அடைத்திருப்பார்கள், வேன் நெரிசலில் நிற்கும், இறங்கிய இடத்தில் இருபது நிமிஷம்தான் தருவார்கள். மாலை ஆறு மணிக்கே போய்விடு, இல்லை சுற்றுலாக் கூட்டம் கலையும் நள்ளிரவுக்குப் பிறகு போ. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரைதான் நெரிசல். திரும்பும் வண்டியைப் போகும்போதே பேசி, நிற்கும் இடத்தையும் குறித்துவிடு. நடுராத்திரியில் டாக்ஸி கிடைக்காமல் நடந்தவர்கள் நிறைய.

கையில் ஒரு கட்டுச் செண்டுமல்லியும் இரண்டு கண்ணாடிக் கூண்டு மெழுகுவர்த்தியும் கொண்டு போ. யாரும் வராமல் இருட்டிக் கிடக்கும் ஒரு சமாதியில் அவற்றை வைக்கலாம். பக்கத்துச் சமாதிக்காரரிடம் 'பெர்மீசோ' (அனுமதி) என்று தலையசைத்துவிட்டு வைப்பது மரியாதை. தரையெங்கும் மெழுகுவர்த்திதான் எரிந்துகொண்டிருக்கும், ஆகவே புடவையும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம். முந்தானையில் தீப்பிடிக்க ஒரு நொடி போதும். பருத்தி சுடிதார், முன்பக்கம் மூடிய காலணி. மண் சமாதிகளுக்குச் சில இடத்தில் வரம்பே தெரியாது, சின்ன டார்ச்சைத் தரையை நோக்கி மட்டும் அடித்துப் பார்த்துக் கால் வை. யார் முகத்திலும் வெளிச்சம் அடிக்காதே. படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் 'புவேதோ தோமார் உனா ஃபோத்தோ?' என்று கேள், ஃபிளாஷை அணைத்துவிடு. அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்காமலே இருந்துவிடு. ஆரஞ்சோ ரொட்டியோ கொடுத்தால் இரண்டு கையால் வாங்கு. மறுப்பது அவர்கள் வீட்டு இறந்தவரை மறுப்பது போல.

முதல் தேதி இரவு ஊருக்குள்ளேயே பாந்தெயோன் ஹெனரல் என்ற பொதுக் கல்லறையில் தாழ்வாரச் சுவர் மாடங்களெல்லாம் விளக்கு எரியும், அதைப் பார்த்துவிட்டுத் தூங்கு. விடிய விடிய வேஷம் கட்டி வாத்தியத்தோடு ஆடும் எத்லா ஊர் முவெர்தெயாதா உன் முழங்காலுக்கு ஆகாது. முகத்தில் மண்டை ஓடு வரைந்துகொள்ள ஆசை என்றால் தெருக் கொண்டாட்டத்துக்கு வரைந்துகொள், கல்லறைக்குள் முகத்தைக் கழுவிவிட்டுப் போ. தெருவில் வண்ண மணல் கோலங்களையும் பார்ப்பாய். அங்கே இறந்தவர் வீட்டில் ஒன்பது நாள் ஜெபத்துக்கும் இப்படி மணல் கோலம் போடுவார்கள். ஓரமாக நடந்து போ.

சைவச் சாப்பாடு கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். பன்றிக் கொழுப்புக்கு மந்தேக்கா என்று பெயர், அது தமால், அவரைக் குழம்பு எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். இலையில் சுற்றிய தமால் கண்ணுக்கு நம் கொழுக்கட்டை போலவே இருக்கும், ஆனால் மாவிலேயே கொழுப்பு பிசைந்திருப்பார்கள். 'தியெனே மந்தேக்கா?' என்று கேட்டுவிட்டு வாங்கு. த்லாயூதா என்ற பெரிய மொறுமொறு சோள ரொட்டியில் அடியில் அசியென்தோ என்று கொழுப்பு வண்டல் தடவுவார்கள், 'சின் அசியென்தோ' என்றால் இல்லாமல் தருவார்கள். கறுப்பு மோலே குழம்பு கோழி வேகவைத்த நீரில் செய்வது, அதைத் தொடாதே. சீஸ், பூசணிப்பூ, நீரில் காய்ச்சிய சாக்லேட் எல்லாம் உனக்கு ஆகும். பண்டிகை ரொட்டியில் முட்டை உண்டு. வஹாகாவில் அந்த ரொட்டியின் தலைப்பக்கம் மாவால் செய்து வண்ணம் தீட்டிய ஒரு சின்ன முகம் பதித்திருக்கும். சாப்பிடாவிட்டாலும் ஒன்று வாங்கி அண்ணன் படத்துக்கு முன்னால் வை.

விசா பற்றி: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். இல்லையென்றால் டெல்லியில் உள்ள தூதரகத்தில் எடுக்க வேண்டும். விதி மாறக்கூடும், டிக்கெட் போடும் முன் ஒருமுறை கேட்டுவிடு. அமெரிக்கா வழியாக விமானம் மாறினாலே அந்த நாட்டு விசா வேண்டும், ஆகவே இஸ்தான்புல் வழியைப் பார். தலைநகரிலிருந்து வஹாகாவுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான், பேருந்தை விட்டுவிடு. விடுதியை இந்த மாதமே பிடித்துவிடு. அந்த வாரம் விலை பல மடங்கு ஏறும், ஆறு மாதம் முன்பே நல்ல இடங்கள் நிரம்பிவிடும். விடுதிக்காரர்கள் பலர் மூன்று இரவுக்குக் குறைவாக அறை தர மாட்டார்கள். ஊர் நடுவில், படி ஏறாத தரைத்தள அறையாகக் கேள்.

விடுதி முடிவானதும் பெயரை எழுது. படையல் வைப்பார்களா, அண்ணன் படத்தை வைக்கலாமா என்று கேட்கும் ஸ்பானிஷ் கடிதத்தை எழுதி அனுப்புகிறேன். அண்ணன் சிரிக்கிற மாதிரி, மூக்குக்கண்ணாடி போடாத படமாக ஒன்றைத் தேடி எடுத்து வை.

அன்புடன்,
கோமதி