உன் பழைய சட்டைகளை வெட்டலாமா?

கண்ணா,

போனில் பேசும்போதெல்லாம் தையல் மெஷின் சத்தம் கேட்கிறதே என்னம்மா என்று கேட்டாய், அன்றைக்கு நீயும் அவசரத்தில் இருந்தாய், சரி எழுதியே சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஒட்டுப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். க்வில்ட் என்பார்களே, அதுதான். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து மேல்பக்கம், நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தையல் ஓட்ட வேண்டும். இரண்டு மாதமாகிறது. காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே அதுதான்.

எடுத்த எடுப்பில் பெரிய போர்வையில் கை வைக்கவில்லை. ஒன்பது கட்டம் என்று ஒரு அமைப்பு, அதில்தான் தொடங்கினேன். மூன்றரை அங்குலச் சதுரமாக ஒன்பது வெட்டி, வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும், அப்படித் தைத்தால் முழுக் கட்டமும் 9½ அங்குலம் நிற்க வேண்டும். எனக்கு 9¼ தான் நின்றது. ஸ்கேலை மாற்றிக்கூட அளந்து பார்த்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்று தாத்தா மரவேலையில் கணக்குச் சொல்வாரே, அதில் அரை நூல் உள்ளே தள்ளித் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணியின் ஓரம் சேர்கிறது, ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல், இரண்டு தையலுக்குக் கால் அங்குலம் போய்விட்டது! எல்லாக் கட்டமும் ஒரே அளவில் குறைந்தால்கூடச் சமாளித்துவிடலாம், ஒன்று குறைந்து ஒன்று சரியாக வந்தால் மூலையும் மூலையும் சேரவே சேராது. இப்போது ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிவிட்டேன், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போனால் போதும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, டேப்பைத்தான் பார்க்க வேண்டும், அது பழகத்தான் நாளாயிற்று.

இஸ்திரிப் பெட்டியையும் வேறு மாதிரிப் பிடிக்கக் கற்றேன். சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்த்தால் சதுரம் கோணிவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசைக்கு இடப்பக்கம். இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆள்காட்டி விரலால் மெல்லத் தள்ளிப் பார், இரண்டு மடிப்பும் முட்டிக்கொண்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி. தைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். முதல் தடவை அப்படி வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு தப்பும் நடந்தது. சிவப்புத் துணியை முன்னாடியே அலசாமல் வெள்ளையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். முடித்துத் துவைத்தபோது வெள்ளைச் சதுரமெல்லாம் இளஞ்சிவப்பு. ஐந்து நாள் வேலை, மனசு கேட்கவே இல்லை. இப்போது எந்தத் துணியானாலும் முதலில் தனியாக நனைத்து, சாயம் விடுகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணிகளை வெட்டித்தான் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். படங்களைப் பார்த்தேன். வெளுத்த பேன்ட் துணியில் பாக்கெட்டைப் பிரித்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு இருக்கிறது, அதை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து எனக்கு உன் அலமாரி நினைப்புத்தான்.

நீ விட்டுப்போன சட்டைகள் பதினொன்று இருக்கின்றன. எண்ணிவிட்டேன். காட்டன் சட்டைகள் நன்றாக வெட்ட வரும், முதுகுப் பக்கத்தில்தான் பெரிய துண்டு கிடைக்கும், அக்குள் பக்கம் இற்றிருக்கும், அதைத் தள்ளிவிடுவேன். டி-ஷர்ட் இழுபடும் துணி, பின்னால் ஃபியூசிங், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி, ஒட்டினால்தான் சதுரம் சதுரமாக நிற்கும், அதைக் கொஞ்சம் கை பழகிய பிறகு பார்க்கலாம். அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை, காலர் நைந்துபோனது, அதன் பாக்கெட்டை நேற்று ஒரு ஓரமாக மட்டும் பிரித்துப் பார்த்தேன். அடியில் நீ அதை முதல் நாள் போட்ட அதே நீலம். அந்தத் துண்டைப் போர்வையின் நடுக்கட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் உன்னைக் கேட்காமல் வெட்ட மாட்டேன்.

அதனால் எந்தச் சட்டையை வைத்திருக்க வேண்டும், எதை வெட்டலாம் என்று எழுது. அப்படியே உன் மெத்தையின் நீளம், அகலம், அதோடு அதன் தடிமனையும் அளந்து அனுப்பு, இரண்டு பக்கமும் தொங்குவதற்குக் கூட்டிக்கொள்ள வேண்டும். டேப் இல்லையென்றால் ஒரு கயிற்றால் அளந்து வை, ஸ்கேலில் வைத்துப் பார்த்துச் சொன்னால் போதும்.

அம்மா