செட்டர் எழுதிவிட்டால் உறைபொதியாக்கம் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்விப் பக்கத்தில் பொருள்நோக்கு நிரலாக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்ற அக்கறை தெரிகிறது. ஆனால் என்கேப்சுலேஷன், பாடநூல் தமிழில் உறைபொதியாக்கம், என்ற பகுதிக்கு வந்ததும், மருந்தை உறைக்குள் அடைப்பதுபோல் தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகப் பொதிந்து வைப்பது என்ற வழக்கமான மாத்திரை உவமையைச் சொல்லிவிட்டு, மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளை எல்லாம் பிரைவேட் ஆக்கு, அதாவது வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி வை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படித்துத் தரும் ஒரு கெட்டரும் மதிப்பை மாற்றும் ஒரு செட்டரும் எழுது, வேலை முடிந்தது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, பல பாடக்குறிப்புகளும் நேர்முகத் தேர்வு வழிகாட்டிகளும் இதைத்தான் ஒப்பிக்கச் சொல்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று மாறிகள், மூன்றும் பிரைவேட், மூன்றுக்கும் செட்டர் உண்டு. உள்ளே ஜனவரி 31 இருக்கிறது. யாரோ மாதத்தை மட்டும் 2 என்று மாற்றுகிறார்கள். இப்போது அந்த ஆப்ஜெக்டுக்குள், அதாவது அந்த மூன்று மாறிகளையும் சேர்த்து வைத்திருக்கும் பொதிக்குள், பிப்ரவரி 31 உட்கார்ந்திருக்கிறது. சரி, செட்டருக்குள் ஒரு சோதனை வைத்துவிடலாமே என்பீர்கள். வைத்துப் பாருங்கள். ஜனவரி 31-ஐப் பிப்ரவரி 28 ஆக்க வேண்டுமானால் நாளை முதலில் மாற்ற வேண்டும், மாதத்தைத் தொட்டால் செட்டர் ஒத்துக்கொள்ளாது. பிப்ரவரி 28-இலிருந்து மார்ச் 31-க்குப் போக வேண்டுமானால் வரிசை தலைகீழ், மாதம் முதலில், நாள் அப்புறம். எதை முன்னால் கூப்பிடுவது, எதைப் பின்னால் கூப்பிடுவது என்று வெளியே இருப்பவர் யோசித்துக்கொண்டிருந்தால், பிரைவேட் என்று போட்டு எதை மறைத்தோம்?

இது கற்பனை இல்லை. ஜாவா என்ற நிரல்மொழியின் பழைய டேட் கிளாஸில் (கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வார்ப்பு) அக்டோபர் 31 இருக்கும்போது மாதத்தை ஜூன் என்று மாற்றினால், ஜூனில் 31 கிடையாது என்பதால் அது சத்தமில்லாமல் ஜூலை 1 ஆகிவிடும். அதன் ஆவணத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது! 2014-இல் ஜாவா 8-உடன் வந்த லோக்கல்டேட் என்ற புதிய தேதி கிளாஸில் செட்டரே கிடையாது. ஒரு மாதம் கூட்டு என்று கேட்டால் புதிய தேதி ஒன்றைத் தரும், பழையது அப்படியே இருக்கும். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாள் வரும், அது 28-ஆ 29-ஆ என்ற கவலை உள்ளேயே தீர்ந்துவிடுகிறது. எது செல்லுபடியாகும் தேதி என்ற விதியைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கிறது, வெளியே யார் என்ன செய்தாலும் அந்த விதி உடையாது. உறைபொதியாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். பிரைவேட் என்பது அதற்கு உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

கெட்டரும் அப்படியொன்றும் சாது இல்லை. உள்ளே இருக்கும் ஒரு பட்டியலை அப்படியே வெளியே எடுத்துக் கொடுத்தால், வாங்கியவர் அதில் சேர்க்கலாம், நீக்கலாம், நம் கிளாஸுக்குத் தெரியவே தெரியாது. 1997-இல் ஜாவாவிலேயே இது பாதுகாப்பு ஓட்டையாக வெளிப்பட்டது. ஒரு நிரலில் யார் யார் கையொப்பமிட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் மெத்தட், அதாவது கிளாஸுக்குள் எழுதிய செயல், உள்ளே வைத்திருந்த அரேயின் (பட்டியலின்) நகலைத் தராமல் அந்த அரேயையே கொடுத்துவிட்டது. இணையப் பக்கத்துக்குள் ஓடும் ஆப்லெட் என்ற சிறு நிரல் நம்பகமில்லாததாக இருந்தாலும், அந்த அரேயில் நம்பகமானவரின் அடையாளத்தை எழுதிக்கொண்டு அவருக்குரிய அனுமதிகளைப் பெற்றுவிட முடியும் என்ற நிலை. மாறி என்னவோ வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாததுதான், எட்டிப் பார்க்க வைத்த ஜன்னல் வழியாகவே உள்ளே போக முடிந்தது.

இந்தச் சிந்தனைக்கு வயது ஐம்பதைத் தாண்டுகிறது. 1972-இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் எழுதிய கட்டுரை, நிரலை வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு தொகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்கிறது. அவர் மறைக்கச் சொன்னது முடிவை. செட்டரும் கெட்டரும் மாறிக்கு ஒன்றாக எழுதும்போது உள்ளே எப்படிச் சேமித்திருக்கிறோம் என்ற முடிவைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். நாளைக்கு மூன்று எண்களுக்குப் பதிலாக ஒரே எண்ணாக நாட்களை எண்ணி வைக்கலாம் என்று தோன்றினால், அந்தச் செட்டர்களைக் கூப்பிடும் எல்லா இடங்களும் குறுக்கே நிற்கும்.

கட்டுரையில் இன்னொரு வரி, பிரைவேட் போட்டால் ஹேக்கர்களிடமிருந்து தரவு பாதுகாக்கப்படும் என்கிறது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். பிரைவேட் என்பது சக நிரலாளர் தெரியாமல் கை வைப்பதைத் தடுக்கத்தான். ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன், அதாவது ஓடும் நிரலே கிளாஸ்களின் உள்ளமைப்பை ஆராயும் வசதி, மூலம் பல நேரங்களில் பிரைவேட் மாறியையும் படிக்க முடியும். பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் மாறியின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு (__) போட்டால், கிளாஸின் பெயரைச் சேர்த்துப் பெயரை மாற்றி வைக்கும், அந்தப் பெயர் தெரிந்தால் உள்ளே போய்விடலாம். பைத்தான் உலகம் ஒற்றை அடிக்கோட்டையே பெரும்பாலும் நம்பி இருக்கிறது, அது வெறும் வழக்கம், யாரும் தடுப்பதில்லை. அதற்காகப் பைத்தானில் உறைபொதியாக்கம் இல்லை என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் அது சரியில்லை.

இதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள் மட்டும் கொண்ட ஒரு புள்ளி, அவற்றுக்கிடையே எந்த விதியும் இல்லை, எந்த மதிப்பும் சரி. அங்கே கெட்டர், செட்டர் எழுதுவது வெறும் தட்டச்சுப் பயிற்சி. எங்கே காப்பாற்ற ஒரு விதி இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம், பாடநூல்கள் அதைத் தொடுவதே அபூர்வம்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கட்டுரையாளர் செட்டரே இல்லாத ஒரு கிளாஸை எடுத்துக்காட்டாகப் போடட்டும். வங்கிக் கணக்கு என்றால் இருப்பை மாற்றும் செட்டர் வேண்டாம், பணம் போடு, பணம் எடு என்ற இரண்டு மெத்தட் போதும்.

இப்படிக்கு,
நிரல் எழுதிப் பிழைக்கும் ஒரு வாசகர்