மருந்துத் தாளில் எழுதப்படாதவை

சுங்கை சிப்புட், பேராக்

அன்புத் தோழிக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. உன் இளைய மகனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்த செய்தியையும், வார்டுப் பணியிலிருந்து மாறி நீ தாதியர் கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுக்கத் தொடங்கியிருப்பதையும் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கு வீட்டில் அனைவரும் நலம். சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் எனும் ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாகி வெகுகாலம் ஆயிற்று. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட, லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்ட முதியவர்கள்தாம் எங்கள் வார்டுக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஒருவருக்கே நான்கு நோய்கள் இருக்கும். மருந்துகளோ பத்தைத் தாண்டும்.

பெரியவர்களுக்கான மருத்துவ வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் பணியாற்றப் போகும் ஒரு தாதிக்கு மருந்துகளைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியாக இருக்க வேண்டும் என்பதை நாம் படித்த காலத்திலும் மனப்பாடம் செய்தோம். இன்றைய பிள்ளைகளும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அந்த ஐந்தும் சரியாக இருந்தும் நோயாளிக்குக் கேடு வரக்கூடும். கொடுப்பதற்கு முன் அவரிடம் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு எதைப் பார்ப்பதற்காக அந்தக் கட்டிலுக்குத் திரும்பி வர வேண்டும் என்னும் இரண்டும் தெரியாதவருக்கு அந்த மருந்தே தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

டிகோக்சினை எடுத்துக்கொள். இதயத்துக்கான மாத்திரை என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுப்பதற்கு முன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ண வேண்டும் என்பதும், 60க்குக் குறைந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். அதே மருந்துத் தாளில் இரண்டு வரி கீழே இருக்கும், சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும் என்பதும், பொட்டாசியம் குறைந்த உடலில் நேற்றுவரை சரியாக இருந்த டிகோக்சின் அளவே இன்று நஞ்சாக மாறக்கூடும் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வருவது சிலருக்குத்தான். "மிஸ்ஸி, சோறு பிடிக்கல, ஒரே குமட்டலா இருக்கு" என்று ஒரு பாட்டி சொன்னால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு யாருக்குத்தான் பிடிக்கும் என்று கடந்து போகாமல், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, இரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியத்தைத் தேடும் தாதியைத்தான் நீ உருவாக்கித் தர வேண்டும். ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடும், இரண்டையும் நோயாளி வாயால் சொல்வதோடும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் அது. மருந்துகளை அகர வரிசையில் படித்தால் அந்தப் பழக்கம் வராது.

இன்சுலினைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மாணவிகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கும் மருந்தை அதற்குரிய ஊசிக்குழலில் மட்டுமே எடுக்க வேண்டும். யூனிட் என்பதை முழுச் சொல்லாகவே எழுத வேண்டும். ஆங்கில முதலெழுத்தை மட்டும் போட்டால் அது சுழியமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போடுவதற்கு முன், காலை உணவு வந்துவிட்டதா, நோயாளியை எக்ஸ்ரேவுக்கு அழைக்கப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, அவர் விழிப்போடு இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நம் மக்கள் பதறிப்போய்ச் சீனித் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள் என்பதால், வீட்டுக்கு அனுப்பும்போதே குடும்பத்தாரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் படபடப்பும் கை நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடு.

அறுவை சிகிச்சை வார்டில் எனக்கு எப்போதும் கவலை தருவது வலி நீக்கும் மார்ஃபின். வலி குறைந்ததா என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மூச்சின் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே பெரும்பாலும் மயக்கம் கூடிவிடும் என்பதால், கூப்பிட்டால் எவ்வளவு எளிதில் விழிக்கிறார், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் உடலில் மார்ஃபினின் கழிவுப் பொருள்கள் தங்கிவிடும். மாற்று மருந்தான நலோக்சோன் போட்டதும் நோயாளி எழுந்து பேசினாலும், அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடுவதால், அவரை விட்டு நகரக் கூடாது. செறிவான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரே இரத்த நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதையும், நுண்ணுயிர்க்கொல்லியான வேன்கோமைசின் 1 கிராமை 100 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் நீ எப்படியும் சொல்லிக் கொடுப்பாய்.

இனி, பாடப் புத்தகத்தில் அதிகம் இல்லாததும் நம் ஊர்களில் மிக முக்கியமானதுமான ஒன்றைச் சொல்கிறேன். காலில் ஆறாத புண்ணோடு ஓர் அம்மா வந்திருந்தார். பல காலம் பால்வெட்டியவர். மறுநாள் புண்ணைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை. வீட்டில் சாப்பிடும் மருந்துகள் என்று தாளில் இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் மட்டும் இருந்தன. ஆனால் முகம் நிலாப்போல் உருண்டிருந்தது. முன்கைத் தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "முட்டி வலிக்கு வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். சிறிது நேரம் கழித்து, தலையணைக்கு அடியிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு என்னும் மூலிகை மருந்து உருண்டைகள். பதிவு செய்யப்பட்ட பாரம்பரிய மருந்தில் இருக்க வேண்டிய, MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் ஒட்டுச்சீட்டும் அந்த டப்பாவில் இல்லை. இப்படிப்பட்டவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருப்பது உனக்குத் தெரியும். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடலில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் திடீரென்று அதை நிறுத்தி, அறுவை சிகிச்சையையும் செய்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடனே மயக்க மருந்து நிபுணரிடம் சொன்னோம். அதை ஈடுசெய்யும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்துத்தான் அறுவை சிகிச்சை அறைக்குள் கொண்டு போனார்கள். அந்த அம்மா நல்லபடியாக வீடு திரும்பினார்.

அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. மருத்துவர் மலாயில் "உபாத்" (மருந்து) என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மட்டும்தான் இவரைப் போன்றவர்கள் மருந்து என்று நினைக்கிறார்கள். ஜாமு, கடையில் தனியாக வாங்கும் வலி மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்த பொடி எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே வலிக்கு என்ன, தூக்கத்துக்கு என்ன, மலச்சிக்கலுக்கு என்ன என்று உபாதை உபாதையாகக் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்த தாதி வார்டில் இருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது எனக்குப் பொறுக்காத செயல். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களிடமும் இப்படித்தான் கேட்டாக வேண்டும். கடையில் வாங்கிய வலி மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சேர்க்கும் மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றிவிடும். வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லி அவர்களை வருத்த வேண்டாம். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே சீராகச் சாப்பிடச் சொன்னால் போதும்.

அறுவை சிகிச்சைக்கு முன் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கு. வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடும் வழக்கம் ஆபத்தானது. வழக்கமாகச் சாப்பிடும் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விடக் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற இனிப்பு நீர் மாத்திரைகளையோ, சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோன் நஞ்சேற்றம் வரக்கூடும் என்பதால், மூன்று நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

கணக்கையும் விட்டுவிடாதே. 500 மில்லிலிட்டரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் 25,000 யூனிட் கலந்திருக்கிறது, மணிக்கு 1,000 யூனிட் போக வேண்டும் என்றால் மருந்தேற்றும் இயந்திரத்தில் மணிக்கு 20 மில்லிலிட்டர் என்று வைக்க வேண்டும் என்பதை, இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே போட்டு, அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "இருபதுதானே?" என்று கேட்டு "ஆமாம்" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் நேரும் தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்குகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தது. அந்த அறைகூவலைச் சுவரொட்டியாக ஒட்டுவதைவிட, சந்தேகம் வந்தால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவரைக் கேட்கும் துணிவை ஓர் இளம் தாதிக்குக் கொடுப்பது பெரிது. அந்தத் துணிவு அறிவிலிருந்து வர வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவரின் கேள்வியை எந்த மருத்துவரும் தட்டிக் கழிப்பதில்லை.

உன் மாணவிகள் வார்டுப் பயிற்சிக்கு வரும்போது, ஆளுக்கு ஒரு நோயாளியைக் கொடுத்து, அவருடைய தாளில் உள்ள மருந்துகளையும் துணிப்பையில் உள்ளவற்றையும் சேர்த்து எழுதி வரச் சொல்லலாமா என்று யோசித்துப் பார். சம்மதமென்றால் படிவத்தை நான் தயாரித்து அனுப்புகிறேன். அதில் என்னென்ன கேள்விகள் வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் தோழி