சூடோ ஓட்டை: அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) வைத்திருப்பவர்கள் இன்றே அப்டேட் போட்டுவிடுங்கள். 2025 ஜூன் கடைசியில் வெளியே தெரிந்த சூடோ பாதுகாப்பு ஓட்டைதான் விஷயம். சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் நிரல். ஒரு ஃபோல்டரையே முழு சிஸ்டம்போலக் காட்டிக் கட்டளையை ஓட்டும் அதன் சீரூட் (chroot) வசதியில் பிழை. சூடோ அனுமதியே இல்லாத கணக்கிலிருந்தும் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி, ஆகிவிடலாம். நேற்று வண்ணார்பேட்டை சென்டரில் அப்டேட் போடாத மெஷின் ஒன்றில் சோதித்தோம். மாணவர் கணக்கின் டெர்மினலில் டாலர் குறி ($) இருந்த இடத்தில் பொசுக்கென்று ரூட்டுக்கான ஹேஷ் குறி (#) வந்து நின்றது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை!

சூடோவின் 1.9.14 முதல் 1.9.17 வரையிலான பதிப்புகளுக்குப் பாதிப்பு. உபுண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்க்கும், அதனால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். உபுண்டு 22.04-இல் இருப்பது சூடோ 1.9.9, இந்த ஓட்டை அதில் இல்லை. அப்டேட் மட்டும் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை லேப்டாப்போடு சென்டருக்கு வாருங்கள். அப்புறம், சார்ஜர் முக்கியம். போன தடவை ஒரு சார்ஜருக்கு நாலு பேர் அடித்துக்கொண்டோம்.