டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் பண்ணாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீ நிற்பதில்லை, அதனால்தான் கடிதம். அப்பாவின் டிரங்குப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டாய். பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கிற, அப்பா பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத்தான் நீ வந்து எடுத்து வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தலைத்திவசத்துக்கு எப்படியும் வரவேண்டியதுதானே. மீனாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

முதலில் ஒன்று. அந்தப் புக்கை லேமினேட் பண்ணாதே. ஓரமெல்லாம் உதிர்கிறது, பார்த்தால் உனக்குக் கை பரபரக்கும். சூடு பட்டால் 1992-ல் வைத்த சீல் மங்கிவிடும். மேலே பிளாஸ்டிக் ஏறிவிட்டால் ஆபீஸில் திருத்தம் எழுதவோ முத்திரை குத்தவோ முடியாது. பக்கத்துக்குப் பக்கம் ஜெராக்ஸ் எடு, காலிப் பக்கத்தையும் விடாதே. ஒரிஜினலைக் காட்டு, கொடுத்துவிட்டு வராதே.

குடும்பப் பென்ஷனுக்குச் சிக்கல் என் பெயரில்தான். புக்கில் சரோஜா, ஆதாரில் சரோஜா தேவி. பிறந்த வருஷம் அதில் 1956, இதில் 1958. 1977-ல் கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பியதும் குடும்ப விவரத்தைப் பதிகிற பார்ட் டூ ஆர்டர் போட கிளார்க் கேட்டிருக்கிறார், உங்கப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் நான் சண்டை பிடித்தால், "உன்னை ரெண்டு வருஷம் சீனியர் ஆக்கினேன்டி. எண்பது ஆனா குடும்பப் பென்ஷன் இருபது சதவீதம் கூடும். முன்கூட்டியே வாங்கிக்கோ" என்பார். தான் முதலில் போவதை இப்படி ஒரு கணக்காகச் சொல்லிவிட்டுக் காபி கேட்ட மனுஷன்.

நீ செய்ய வேண்டியது: இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று என் பேரில் பிரமாணப் பத்திரம். நோட்டரி கையெழுத்து போதுமா, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமா என்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகு முத்திரைத்தாள் வாங்கு. வயதுக்கு என் பள்ளிக்கூட டி.சி. இருக்கிறது, அரிசி டின்னுக்குப் பின்னால். விண்ணப்பத்தில் அப்பாவின் ஆர்மி நம்பர், ஹவில்தார் என்ற ரேங்க், பெயர் மூன்றும் புக்கில் இருக்கிறபடியே இருக்கணும். இனிஷியலை விரித்து எழுதாதே, அதுவே புதுச் சிக்கலாகும். விண்ணப்பம் வெலிங்டனில் இருக்கிற ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போய், அவர்கள் திருத்தி, பிரயாக்ராஜ் பென்ஷன் ஆபீஸுக்கு எழுதி, அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் உத்தரவு, வர வேண்டும். அவசரப்பட்டு ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் வெப்சைட்டில் ஆதார் பெயரைப் போட்டு ஏற்றாதே. பழைய பதிவோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனை வைத்து ஒருதரம் ஏற்றித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆமாம், பத்து மாசமாகப் பென்ஷன் வரவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. அப்பா போன பிறகும் ஒரு மாதப் பணம் கணக்கில் ஏறியது, அதை நான் தொடவில்லை. எப்படியும் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அவர் 67 வயது தாண்டிப் போனதால் கூடுதல் விகிதம் கிடையாது, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். வரும்போது நிலுவையும் சேர்த்து வரும். பணத்துக்காக வரச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. நீ அனுப்புவதே போதும். அதிகம்கூட.

பென்ஷன் வந்துவிட்டால் வருஷா வருஷம் நான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அடுப்படியில் தேய்ந்த விரல் ரேகை மெஷினில் விழாது. கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைத்தால் சில நாள் விழும். போனில் முகத்தைக் காட்டியே செய்யலாமாம், வரும்போது அதைக் கற்றுக்கொடு. உங்கப்பா நவம்பர் வந்தால் பேங்க் கவுண்டர் முன்னால் விறைப்பாக நின்று, "ஹவில்தார் உயிரோடு ஹாஜர், மேடம்!" என்பார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சீல் வைக்கும். நான் பக்கத்தில் தலை குனிந்து நிற்பேன்.

இன்னொன்று எழுதணும். மெடல் கிடைத்துவிட்டது.

பெட்டியில் காணோம் என்று இத்தனை வருஷம் அவரைத்தானே திட்டினேன். "பாகிஸ்தான்காரன் வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்" என்றாரே, அதுதான். 1971 பாகிஸ்தான் சண்டைக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சர்வீஸ் மெடல்கள் எல்லாம் ஒரே பாரில். உன் கல்யாணத்துக்குத் தைத்த சஃபாரி சட்டையின் உள்பையில் இருந்தது. குத்துகிற பின் துருப்பிடித்துத் துணியில் கறையாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அவர் அதைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தார். பெண் வீட்டுக்காரர்கள் பெரிய இடம், மெடல் எல்லாம் வேண்டாம், உங்கள் ஜோக்கும் வேண்டாம், முக்கியமாக அந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் "வீர மதராசி, அடி கொல்லு" கூச்சல் வேண்டவே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சல்யூட் அடித்து "எஸ் மேடம்" என்றார். கரப்பான் பூச்சியைக்கூட அந்தக் கோஷம் போட்டு அடிக்கிற ஆள், அன்றைக்கு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நீ கேட்டாய். வயிற்று வலி என்று சொன்னேன். பொய். பெரிய இடத்துக்கு முன்னால் நாம் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருந்தால் உங்கள் வீட்டிலும் சிலது வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. சரி, அது வேண்டாம்.

மெடலைப் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதே. எழுத்து இடுக்கில் வெள்ளையாகத் தங்கிவிடும், உருவமும் தேயும். விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கிறது, அதற்காகவாவது வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி போதும். ரிப்பனைத் தண்ணீரில் நனைத்தால் சாயம் ஓடும். துருப்பிடித்த பின்னை மட்டும் மாற்றணும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள், வரிசை மாறக் கூடாது.

திவசத்தன்று நீ அதைக் குத்திக்கொள்ள வேண்டும். அவர் குத்தியது இடது பக்கம், வாரிசு குத்துவது வலது பக்கம். மீனா வந்தால் அவளே குத்திவிடட்டும். வராவிட்டால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்காரன் லேமினேஷனும் செய்கிறான், சும்மா இருக்க மாட்டான், கேட்பான். வேண்டாம் என்று சொல்.