காலைச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ்

அன்புள்ள சேகர்,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை, தப்பு என்னுடையது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை.

தோட்டத்தில் வேலை வாங்கிய நம் தண்டல் தாத்தா போய்விட்டார். கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். பாயசத்துக்கு யார் பொறுப்பு என்று வழக்கம்போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். ரப்பர் கொட்டை பொறுக்கப்போன நம் இருவரையும் ஆற்றங்கரை வரை விரட்டிய மனிதர், சேகர்.

999க்கு அடித்தேன். எடுத்தவர் விவரம் கேட்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். ஆஸ்பத்திரி 34 கிலோமீட்டர் தள்ளி. செம்பனை லோரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் வந்துசேர 50 நிமிஷம். யாரையும் குறைசொல்ல முடியாது, தூரம் அப்படி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய டிரசர் ஐயா மகனும் நானும் மாறி மாறி நெஞ்சை அமுக்கினோம். நிமிஷத்துக்கு 100இலிருந்து 120 தடவை அமுக்க வேண்டும், ஐந்து நிமிஷத்திலேயே கை விட்டுப்போகிறது. அமுக்குதலும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7இலிருந்து 10 விழுக்காடு குறைகிறது. காலைச் சந்தைக்குப் பின்னால் பொம்பா நிலையம், அதான் தீயணைப்பு நிலையம், இருக்கிறதே, நடந்தே போய்விடலாம். அங்கே வண்டியும் ஆளும் தயாராக நின்றிருக்கும். இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சுக்காக ஊர்க்கூட்டம் போட்டோம். பொம்பாவையும் ஆம்புலன்ஸையும் ஒன்றாக்கு என்று பாதிப்பேர், கூடவே கூடாது என்று பாதிப்பேர். கவுன்சிலர் கையை விரித்தார். 1976இலிருந்து பொம்பா மலேசிய மத்திய அரசின் கையில், வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் கீழே. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் சுகாதார அமைச்சின் கீழே. மாவட்ட மன்றத்துக்கு இரண்டிலும் பேச்சில்லை. அந்த மன்றத்துக்கே 1965இல் தேர்தலை நிறுத்திவைத்தார்கள், இன்னும் வரவில்லை. பிறகு யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு ஆத்திரம் வந்து எழுந்து கத்திவிட்டேன். நம் அப்பாமார் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி, டிரசர், நோயாளியை ஏற்ற ஒரு லோரி, எல்லாம் இருந்ததடா!

பொம்பாவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்னது மட்டும் யோசிக்கவைத்தது. நியூயார்க்கில் 1996இல் ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு சேர்த்தார்கள். ஒரே துறை என்று பேர், ஆனால் ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தீயணைப்பாளர்களைவிடக் குறைந்த சம்பளம், அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. இங்கேயும் அவர்களை மாற்றாந்தாய்ப் பிள்ளை ஆக்கிவிடுவார்கள் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் முழுசாகச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் பொம்பா நிலையத்தில் நிற்கட்டும், அதன் ஆட்கள் ஆஸ்பத்திரி ஆட்களாகவே இருக்கட்டும். வண்டி வெளியே போயிருந்தால், மின்னதிர்ச்சிக் கருவியோடு பொம்பாக்காரர்கள் முதலில் ஓடிவரட்டும். மனுவில் இவ்வளவுதான் எழுதப்போகிறேன்.

அங்கே சிங்கப்பூரில் உங்களுக்குத் தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே 995. தீயைவிட ஆம்புலன்ஸ் அழைப்புதான் பல மடங்கு என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் மகன் தேசியச் சேவையில் அந்த வண்டியில்தானே இருந்தான்? அவனிடம் கேள்: ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஷிப்ட் எப்படி, தீயணைக்கும் ஆட்களோடு ஒரே நிலையத்தில் இருந்தபோது மரியாதை எப்படி இருந்தது. ஒளிக்காமல் சொல்லச் சொல். மனு அடுத்த மாதம் 10ஆம் தேதி போகிறது.

பதினாறாம் நாள் காரியம் வருகிற சனிக்கிழமை. பாலத்தில் நெரிசல் என்று சாக்குச் சொல்லாதே, வெள்ளிக்கிழமை ராத்திரியே கிளம்பி வா. கட்டையனும் வருகிறான். தாத்தாவின் சைக்கிளை உன்னிடம்தான் கொடுக்க வேண்டுமென்று பாட்டி பிடிவாதமாக இருக்கிறார்.

அன்புடன்,
மணியம்